பதினோராம் கட்டிலில் கேட்ட கேள்வி

சேகர் சார் போய்விட்டார் என்று அவருடைய தங்கை மகன் பாகூரிலிருந்து போன் செய்தபோது, நான் குளிர்பெட்டியில் ரத்தப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓ நெகட்டிவ் இரண்டு என்று எழுதிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. மருத்துவமனையில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் மருத்துவமனை ரத்த வங்கியை உருவாக்கியவர் அவர். கூட வேலை பார்த்த உங்களுக்கு நினைவிருக்கும், தலைவர் பிறந்தநாள் ரத்ததான முகாம் என்றாலே அவருக்கு எரிச்சல். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேரை, வேறு தேதி எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். "ரத்தம் அஞ்சு வாரம்தான்பா தாங்கும். இன்னைக்கே எல்லாரும் குடுத்துட்டா அடுத்த மாசம் நான் யார் வூட்டுக் கதவத் தட்றது?" என்பார். கரும்பு வெட்டு முடிந்தபின் கரியமாணிக்கம், மீன்பிடித் தடைக்காலத்தில் பிள்ளைச்சாவடி என்று ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தார். கட்சிக்காரர்கள் அவரைக் கரித்துக் கொட்டினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. ரத்தம் ஏற்றும் முன் நோயாளியிடம் பெயரை நாம் சொல்லிக் கேட்கக் கூடாது, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். "வெள்ளைக் கோட்டு இன்னா கேட்டாலும் நம்ம ஜனங்க ஆமான்னுதாம்மா சொல்லுவாங்க. மரியாதைக்கு. அந்த மரியாதையே ஆளக் கொன்னுடும்." அவர் தலை மறைந்ததும் இதை அவர் குரலிலேயே சொல்லிக்காட்டிச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

ஒரு நாள் ஆண்கள் வார்டில் பதினோராம் கட்டில் கலியபெருமாளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பையோடு போனது நான். மின்விசிறிக் காற்று வேண்டுமென்று கலியபெருமாள் பக்கத்துக் கட்டில் பெரியவரோடு இடம் மாற்றிக்கொண்டது எனக்குத் தெரியாது. பதினொன்றில் படுத்திருந்த பெரியவரிடம், "கலியபெருமாள்தானே?" என்றேன். "ஆமாம்மா" என்றார். அதற்குப் பிறகு வந்த நர்ஸ், பெயர் கேட்டாயிற்று என்ற நம்பிக்கையில் பையை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வந்த சேகர் சார், பெரியவர் நடுங்குவதைப் பார்த்து ஓடிவந்து குழாயை மூடினார். பெயர் என்ன என்று கேட்டார். ராமலிங்கம் என்றார் பெரியவர். பிறகு ஏன் ஆமாம் என்றீர்கள் என்றதற்கு, "அந்தம்மா கேட்டுச்சு. எப்படிப்பா இல்லன்னு சொல்றது?" என்றார்.

ராமலிங்கம் பிழைத்தார். ஆனால் விசாரணை வந்தது. நான் அப்போது ஒப்பந்த ஊழியை, கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். உள்ளே கூப்பிடும் முன் சேகர் சார் என்னிடம், "உன்ன ஒரே கையெழுத்துல வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் பர்மனென்ட், என்ன அப்படி அனுப்ப முடியாது. வாயத் தொறக்காத" என்றார். பெயரைச் சரிபார்த்தது தான்தான் என்று எழுதிக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவரை வெளிநோயாளிகள் ஆய்வகத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார், தனியாகவே சாப்பிட்டார். ரத்த வங்கி வாசலைக் கடக்கும்போது உள்ளே திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது, பிறகு வேலையும் நிரந்தரமானது. ஒரு தடவை மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஓ நெகட்டிவ் எத்தினி பை இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சாவு வீட்டில் நம்மில் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நல்ல மனிதர், அந்த ஒரு தப்பு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் என்று. அவருடைய தங்கைக்கும் அது கேட்டது. என் பக்கம் திரும்பி, "நீ கூட இருந்தியேம்மா. எங்கண்ணனா அப்படிப் பண்ணிச்சு?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கூட்டத்தில் என்னைப் போல் தனியாக நின்றவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அம்மா, உங்கள் அண்ணன் இல்லை. நான்தான். அவர் எனக்காக இத்தனை வருஷம் சுமந்தது இந்தப் பழி. வேலை இனி என்னிடம் இருக்குமோ இல்லையோ, இந்தப் பழியை நான் வைத்துக்கொள்கிறேன்.