மதாம் வூட்டு ரேடியோப் பாட்டு

இல்லடி, நேத்து சீரியல்ல வெசம் வைக்கப் பாத்தாளே ஒரு மாமியாக்காரி, அவளேதான் இன்னைக்கு மருமவ பக்கத்துல ஒக்காந்து கைதட்டிப் பாடறா. அந்த கெட்ட மச்சினன் சொம்புல தாளம் போடறான். ஒங்க வூட்ல கரண்டு போச்சின்னியே, அதான் சொல்றேன். எம் பேத்தி கெடந்து கத்தறா, "ஆயா, கதயே நகரல, இன்னாத்துக்கு சிரிக்கிற"ன்னு. கத எக்கேடு கெட்டா எனக்கின்னா? எல்லாரும் சேந்து ஒக்காந்து பாடினா எனக்குப் போதும்.

இது இன்னைக்கு வந்த கிறுக்கு இல்ல. அப்போ பிரெஞ்சுக்காரன் கொடிய எறக்கிட்டுப் போயி ரெண்டு மூணு வருசம் இருக்கும். நான் முத்தியால்பேட்டைக்கு வாக்கப்பட்டு வந்த புதுசு. எங்க வூட்டுக்காரரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்து சிப்பாய அப்பிடித்தான சொல்லுவோம். தாலிக் கயித்துல மஞ்சள் காயல, பிரெஞ்சுக்காரன் ஆண்ட அல்சேரி தேசத்துல சண்டைன்னு கப்பல் ஏத்திட்டாங்க. வூட்ல நானும் மாமனாரும். அவருக்கு சுத்தமா காது கேக்காது. "மாமா, கஞ்சி வச்சிருக்கேன்"னா தலைய ஆட்டிட்டு கொல்லப்பக்கம் போயிடுவாரு. நாள் பூரா பேச ஆளில்ல. அம்மிகிட்ட பேசுவேன். "இன்னைக்கு இன்னா அரைக்கலாம், சொல்லு"ன்னு கேப்பேன். சிரிக்காதடி, அப்போ அதுதான் எனக்குத் தொண.

எதுத்தாப்புல ஒரு பெரிய வூடு, பச்சக் கேட்டு போட்டது. ஒரு வயசான அம்மா தனியா இருந்தாங்க. நம்ம தமிழுக்காரங்கதான், சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, கவுனு போடுவாங்க. தெருவே அவங்கள மதாம்னுதான் சொல்லும். அவங்க வூட்டு ரேடியோல ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு குடும்ப நாடகம் வரும். மாமியா, மாமனாரு, புள்ளைங்க, மருமவளுங்க, ஒரு சமையக்காரன். கடைசில அத்தினி பேரும் கூடி ஒக்காந்து பாடுவாங்க. சமையக்காரன் பாட்டு நடுவுல கரண்டியால சட்டியத் தட்டுவான், எல்லாரும் அவனத் திட்டினே சிரிப்பாங்க.

மொத தடவ அந்தப் பாட்டு காதுல வுழுந்ததும் ஓடிப்போயி கேட்டாண்ட நின்னேன். சன்னலுக்குப் பின்னால இருந்து ஒரு கொரலு, "அந்தாண்ட, அந்தாண்ட"ன்னு. ஆளு கண்ணுல படல. தொரத்தறாங்கன்னு வெளக்குக் கம்பத்தாண்ட வந்துட்டேன். அடுத்த வாரம் அங்கியே நின்னேன். அங்கியும் வுடல, "அந்தாண்ட"ன்னு இன்னும் சத்தமா. இதுக்கு மேல எந்தாண்ட போறது? எங்க வூட்டு வாசப்படிலயே ஒக்காந்துட்டேன். அங்கிருந்து பேச்சு ஒண்ணும் கேக்காது, பாட்டு மட்டும் காத்துல வரும். மழ வந்து, பனி வந்து, மாங்கா காலமும் வந்துடுச்சி. நான் வாசப்படியிலதான்.

கனகசெட்டிக்குளத்துலேருந்து ஒரு அக்கா கூடையத் தூக்கினு மீனு விக்க வரும். வெள்ளக்காரங்க வூட்டுக்கெல்லாம் போட்டுப் பழக்கம் அதுக்கு. ஒரு ஞாயித்துக்கெழம, நாடகம் தொடங்கறதுக்கு முன்னாடி, எங்கிட்ட சங்கரா கூறு போட்டினு இருந்திச்சி. எதுத்த வூட்லேருந்து கொரலு வந்திச்சி.

"பாத்தியாக்கா, இங்க இருந்தாலும் அந்தாண்ட போங்குது"ன்னேன்.

அக்கா சிரிச்ச சிரிப்புல கூடையே சாஞ்சிடுச்சி. "அடிப் பைத்தியக்காரி, அது அந்தாண்ட இல்ல, அந்த்ரே. பிரெஞ்சுல உள்ள வான்னு அர்த்தம். அது கூப்புட்டுக்கினே கெடக்குது, நீ குத்துக்கல்லாட்டம் இங்க ஒக்காந்திருக்க."

மீன அப்பிடியே மூடி வச்சிட்டு, முந்தானைல கையத் தொடச்சினு போனேன். மதாம் கதவாண்ட நின்னு என்ன ஏற எறங்கப் பாத்தாங்க.

"வந்துட்டியா? எங்க வூட்டுக் காத்து பட்டா வேதத்துல சேந்துடுவோம்னு பயந்து ஓடறியோன்னு நெனச்சேன்."

"நீங்க தொரத்தறீங்கன்னு நெனச்சேன் மதாம்."

அவங்க சிரிக்கல. நாற்காலிய இழுத்துப் போட்டாங்க. நான் கீழயே ஒக்காந்துக்கினேன். அன்னைக்குத்தான்டி நாடகத்த மொதல்லேருந்து கேட்டேன். அந்தக் குடும்பத்துல அப்பிடியொரு சண்ட. மருமவளுங்க நாற நாறப் பேசிக்கறாளுங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. அதுவரைக்கும் அந்த வூட்ல பாட்டத் தவுர ஒண்ணுமே இல்லன்னு நெனச்சினு இருந்தேன். பாட்டு வந்ததும் மதாமும் கூடப் பாடினாங்க. கொரலு கட்டக் கொரலு, சுதி சேரல. நானும் வாயத் தொறந்தேன். எங்கொரலு இவ்ளோ பெருசான்னு எனக்கே கூச்சமாப் போச்சி.

அப்பிடி கொஞ்ச வாரந்தான். மழைக்கு முன்னாடியே அவங்க புள்ள பிரான்சுலேருந்து வந்து கூட்டினு போயிட்டான். ரேடியோவ யாருக்கோ குடுத்துட்டாங்க. பச்சக் கேட்டுல பூட்டு. எங்க வூட்டுக்காரரு வர இன்னும் எவ்ளோ காலம் கெடந்திச்சி. ஞாயித்துக்கெழம வந்தா நானே ரெண்டு அடி பாடுவேன், மாமனாரு கஞ்சி குடிச்சினு இருப்பாரு.

போனது போவட்டும். மாங்கா காலம் வரைக்கும் வாசப்படியில ஒக்காந்தேனே, அதுதான்டி இன்னும் அறுக்குது. அவங்க அந்தப் பக்கம் தனியா, நான் இந்தப் பக்கம் தனியா, நடுவுல ஒரு மாட்டு வண்டி போற அகலம். இரு இரு, கொழாயில தண்ணி வர்ற சத்தம் கேக்குது, கொடம் காலியாக் கெடக்குது, புடிச்சி வச்சிடறேன்.