பொத்தானை ஒழித்த அத்தான்

இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டை நிறுத்தி, கூண்டின் தலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் கிரீஸ் டப்பாவும் மறு கையில் போனுமாக அத்தான் முனகிக்கொண்டிருப்பார். கீழே யாராவது கதவைத் தட்டினால், "ரெண்டு நிமிஷம் சார், பெரிய வேலை ஓடிட்டிருக்கு" என்பார். பொய்யில்லை. அந்தப் பெரிய வேலை லிஃப்டில் இல்லை, போனில் இருக்கும், அவ்வளவுதான்.

அத்தான் என் அக்கா புருஷன், லிஃப்ட் மெக்கானிக். குள்ளம், கொஞ்சம் தொப்பை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். பழைய கம்பியைக் கழற்றுவதற்கு முன்னால் கூண்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, அதை மூன்று தடவை உதைத்துப் பார்க்கிற ஆள். வேலை முடிந்ததும் அவரே தனியாக உச்சி மாடிவரை போய்த் திரும்புவார். பிறகு இடது கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, காத்திருப்பவரிடம் "ஏறுங்க" என்பார். அப்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும், ஏதோ தன் புது வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி!

போனில் அவர் ஆடும் ஆட்டத்தில் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. சட்டம் போடுவதுதான் ஆட்டமே. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து ஆடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் புதுச் சட்டம் கொண்டுவரலாம். விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் கிடைத்தால் சட்டம் தேறும், அப்புறம் எல்லாரும் அதன்படிதான் ஆடவேண்டும். "வீட்டுல நான் போடற ஒரு சட்டத்தையாவது மதிக்கிறீங்களா? முகம் தெரியாதவங்களோட உக்காந்து என்ன சட்டம் வேண்டிக்கிடக்கு?" என்று அக்கா பொரிந்து தள்ளுவாள். அத்தான் சிரிப்பார்.

அந்த ஆட்டத்தின் காசுக்குப் பொத்தான் என்று பேர். ஓட்டுப் போட ஒரு பொத்தான் கட்டவேண்டும். சட்டம் தேறினால், கொண்டுவந்தவருக்குப் பை நிறையப் பொத்தான். புதிதாக வருகிறவருக்கு வரவேற்பாக ஒரே ஒரு பொத்தான். அவர் தொந்தரவு தாங்காமல் நானும் ஒரு தடவை சேர்ந்தேன். ஒரு ஓட்டுப் போட்டேன், பை காலி. கம்மென்று வெளியே வந்துவிட்டேன். என்னைப் போல ஓடிப்போனவர்கள் ஏராளம். பழைய ஆள் ஒருவர் மட்டும் மலைமலையாகக் குவித்து வைத்திருந்தார், அவருக்கு 'நகைக்கடை' என்று பட்டப்பேர். கடைசியில் ஒன்பது பேர்தான் மிச்சம்.

"ஆட்டம் படுத்துடும் மாப்ளே" என்றார் அத்தான் ஒருநாள். "படுத்துட்டா அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு? லிஃப்டுல கூண்டு மேல போனா எதிர் எடை கீழ வரணும். எல்லா எடையும் ஒரே பக்கம் உக்காந்துட்டா மோட்டார் புகைஞ்சிடாதா?"

காசையே மாற்றுவது என்று முடிவு செய்தார். வீட்டிலிருந்த துணிக் கிளிப்புகளை எல்லாம் எங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, வாராவாரம் வாங்கி, திருப்பிக் கொடுத்து, ஒத்திகை பார்த்தார். அக்கா நனைந்த துணியோடு கொடியடியில் நின்று கத்துவாள். கடைசியில் பிறந்ததுதான் 'மெழுகு'. எல்லாருக்கும் பத்துப் பத்து மெழுகு. கையிலேயே வைத்திருந்தால் வாரத்துக்குப் பாதி உருகிவிடும். அடுத்தவருக்குக் கொடுத்தால் அந்த வாரம் அவர் கையில் உருகாது. எனக்கே ஆசையாகிவிட்டது.

இரண்டு சட்டமாகக் கொண்டுவந்தார். முதல் சட்டம்: இன்று யார் யார் கையில் பொத்தான் இருக்கிறதோ, அதெல்லாம் செல்லாது. இரண்டாவது: இனி மெழுகுதான் காசு. முதல் சட்டம் அமோகமாகத் தேறியது. அதற்காக அத்தானுக்குக் கிடைத்த பை நிறையப் பொத்தானும் அன்றைக்கே வந்ததால் செல்லாமல் போனது. அடுத்த நாள் இரண்டாவதற்கு ஓட்டுப் போடப் போனால், ஓட்டுக்கு ஒரு பொத்தான் கட்டு என்கிறது ஆட்டம். யாரிடமும் பொத்தான் இல்லை! சட்டம் போடவும் வழியில்லை, சட்டத்தை எடுக்கவும் வழியில்லை. "என் மொத்தச் சொத்தையும் புடுங்கிட்டு இப்ப முழிக்கிறீங்களா?" என்று நகைக்கடை எழுதினார்.

"முட்டுக் குடுக்காம கம்பியைக் கழட்டிட்டேனே மாப்ளே, நானா இப்படிப் பண்ணினேன்!" என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்குப் புதுப் பொத்தான் கிடைக்கும், அது செல்லும். அந்த ஒரு ஓட்டே போதும். என்னால் ஆகாது, விட்டுப்போய்த் திரும்புகிறவருக்கு வரவேற்பு கிடையாது. கூட வேலை செய்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் சோபாவில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் பேரை ஆட்டத்தில் சேர்த்து, போனை அவள் மடியில் வைத்தார்.

"நான் வேண்டாம்னு போட்டா?" என்றாள் அக்கா.

"ஆட்டம் முடிஞ்சுது."

"அப்ப ஞாயித்துக்கிழமையெல்லாம் எனக்கா?"

"பொய் சொல்லமாட்டேன். ஆமா."

அக்கா மெழுகுச் சட்டத்தை முதலிலிருந்து படித்தாள். "புதுசா வர்றவனுக்கு இங்க யாரைத் தெரியும்?" என்றாள் திடீரென்று. "அவன் யாருக்குக் குடுப்பான், அவனுக்கு யாரு குடுப்பா? வந்த வாரமே பாதி உருகிப்போகும். அவனும் என் தம்பி மாதிரி ஓடிடுவான்."

போகிற போக்கில் எனக்கும் ஒரு குத்து. அத்தான் போனை வாங்கி அவசரமாக ஒரு வரி சேர்த்தார்: புதிதாக வருகிறவருக்கு வேறொருவர் ஒரு மெழுகாவது கொடுக்கும்வரை, அவருடையது உருகாது. அக்கா அதையும் படித்துப் பார்த்து, "ம்" என்று ஓட்டைக் குத்தினாள்.

மெழுகுச் சட்டம் ஒரே ஓட்டில் தேறியது. போன் விடாமல் கிணுகிணுத்தது. அக்காவின் பேருக்கு எதிரே பத்து மெழுகு வந்து நின்றது. அதை வெறித்துப் பார்த்துவிட்டு, "இப்ப நான் என்னங்க பண்ணணும்?" என்றாள்.

அத்தான் எழுந்து ஓரமாக நகர்ந்தார். கதவே இல்லாத இடத்தில் இடது கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏறு" என்றார்.