வீக்கம் கண்ட நிலம்

சகாயமேரி சிஸ்டர் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிகள் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் இருமுவார்கள். "கையை நீட்டு. வாயைத் திற. அழக்கூடாது. அழுதா இன்னொரு ஊசி." மைசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இந்த நாலு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு ஆயுசுக்கான ராஜாங்கத்தை நடத்திவிட்டார். மகாராஜா ராஜ்யத்தை ஜனங்களிடம் ஒப்படைத்து ஏழெட்டு வருஷம் ஆகியும், சிஸ்டர் தன் வார்டை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

அந்த ராஜாங்கத்துக்குக் கட்டுப்படாத ஒரே பிரஜை அவர் வீட்டுக்காரர் லூர்துராஜ். பஸ் கம்பெனியில் குமாஸ்தா. யார் எதைச் சொன்னாலும் காலையில் நம்பி, சாயங்காலம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிற சுபாவம். முட்டையிடாத வான்கோழி அப்படி வந்தது. இரண்டு மணிக்கு ஒன்பது அடிக்கிற கடிகாரம் அப்படி வந்தது. சிஸ்டர் ரிடையர் ஆவதற்கு முந்தின வருஷம், ஆடி மாசத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால் ஆற்றோரமாக ஒரு நிலம் வந்தது.

"மேரி, கயிறு வேணாம், ராட்டினம் வேணாம். குனிஞ்சு கையால மொள்ளலாம், அப்படி ஒரு கெணறு" என்றார்.

குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போய், திரும்பி வந்து அதே குடத்தை அதே இடத்தில் பார்த்த பெண்மணி சிஸ்டர். கல்யாணமான நாளாகப் புருஷன் சொன்ன எதையும் நம்பாதவர், தண்ணீர் என்றதும் இதை நம்பிவிட்டார். சேமிப்பெல்லாம் அதில் போனது. ரிடையர் ஆகிற மாசம் நர்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணியாக வேண்டும். அதற்குள் அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டிவிடலாம் என்று கணக்கு. தலைக்குமேல் கூரை என்று அவர்களுக்கு இனிமேல் உண்டானால் அது அங்கேதான்.

விற்றவர் தொட்டையன். கோலார் தங்கச் சுரங்கத்தில் கிடந்து தமிழ் கற்றுக்கொண்ட உள்ளூர் விவசாயி. மேல்பாதி நிலத்தை விற்றுவிட்டு, ஆற்றுப் பக்கம் தாழ்ந்து கிடந்த கீழ்ப்பாதியில் கரும்பு போட்டிருந்தார். லூர்துராஜ் பார்க்க வந்த அன்று வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு, நிலம் முழுக்கக் கன்னங்கரேல் என்று மினுமினுக்க வைத்துக் காட்டியிருந்தார்.

மாசியில் சிஸ்டர் குடை பிடித்துக்கொண்டு முதல்முறையாக நிலத்தைப் பார்க்கப் போனார். நிலம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"யாருங்க இங்க சுண்ணாம்பு கொட்டினது?"

லூர்துராஜ் வானத்தைப் பார்த்தார். சிஸ்டர் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

மழை குறைந்த சீமை அது. வாய்க்கால் மட்டும் பாதி வருஷத்துக்குமேல் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. ஆற்றோரப் பள்ளத்தில் இறங்கின தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மண்ணுக்குள்ளேயே தங்கி மேலே மேலே ஏறியது. வெயில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை விட்டுவிட்டுப் போனது. வாய்க்கால் திறக்க மந்திரி வந்தார், நாதஸ்வரம் வந்தது, ரோஜா மாலை வந்தது. வடிகால் வெட்ட ஒரு மண்வெட்டிகூட வரவில்லை.

அஸ்திவாரம் தோண்ட ஹனூர்ப் பக்கத்திலிருந்து மாதப்பன் மேஸ்திரி வந்தார். முழங்கால் ஆழம் தோண்டினார். முழங்கால் ஆழம் தண்ணீர் நின்றது. இறைத்து ஊற்றினார். மறுபடி அதே முழங்கால்.

"சிஸ்டருங்க, இதுல ஊடு கட்டறதைக் காட்டியும் ஒரு பரிசல் வாங்கி உட்டுட்டுப் படுத்துக்கலாமுங்க" என்றார்.

சிஸ்டர் வைத்தியத்தில் இறங்கினார். உப்பு என்றால் கழுவினால் போய்விடும் என்று முதலில் மடையைத் திறந்து பேதிக்குக் கொடுத்தார். பத்தே நாளில் நிலம் முன்னைவிட வெள்ளையாகப் பூத்தது. அந்த வாரம் வார்டில் கால் வீங்கின ஒரு கிழவருக்குக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது, குழி அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை நிலத்தில் செருப்புக் குதிகாலால் அழுத்தினார். அதேபோல் குழி. அதில் தண்ணீர் வேறு ஊறியது.

"ஏங்க, இது சீக்கு தெரிஞ்சுபோச்சு. உள்ள போறது போய்க்கிட்டே இருக்கு. நெலத்துக்கு ஒண்ணுக்குப் போக வழியில்ல."

"மெதுவாப் பேசு மேரி. தொட்டையன் காதுல விழும்."

வழி என்றால் ஒரே வழிதான். தொட்டையனின் கீழ்ப்பாதி வழியாக ஆற்றுக்கு ஒரு வடிகால். சிஸ்டர் சர்க்காருக்கு எழுதிப் போட்டார். ஜீப்பில் ஒரு இளம் ஆபீசர் வந்தார். தொப்பியைக் கழற்றினார். வெள்ளைப் படலத்தைப் பார்த்ததும் மாமியார் வீட்டுப் பலகாரத்தைப் பார்த்த மாப்பிள்ளைபோல் அவர் முகம் மலர்ந்தது.

"வெரி குட், வெரி குட். ஃபர்ஸ்ட் க்ளாஸ் சவுளு பூமி, உப்பு நெலம், மேடம். புஸ்தகத்துல படம் போட்ட மாதிரி இருக்கு."

"வடிகால் வெட்டிக் குடுங்க சார்."

"யூ சீ மேடம், தண்ணி கொண்டாந்து விடறது எங்க டிபார்ட்மெண்ட். வடியறது ஸ்கீம்ல இல்ல."

"அப்ப வந்த தண்ணி எங்க போகும்?"

ஆபீசர் நன்றாக யோசித்தார். "அது தண்ணியோட இஷ்டம்" என்றார். மண்ணைக் கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அந்த நிலத்திலிருந்து சர்க்கார் எடுத்துப்போன உப்பு அவ்வளவுதான்.

மழைக்காலம் உப்பை உள்ளே இழுத்துக்கொண்டது. பிணியை அல்ல. மழை விட்டதும் சிஸ்டர் தொட்டையனிடமே போனார். வார்டில் உத்தரவு போட்டுப் பழகின குரல். அதைக் குழைத்துக் கெஞ்சலாக்குவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"பேடாம்மா, ஆகல்லா" என்றார் தொட்டையன். "உங்க ஹொலத்துக் கெட்ட தண்ணி என் ஹொலத்து வழியா போறதா? நாளைக்கி என் கரும்புக்கு சீக்கு வந்தா நீங்க வந்து ஊசி போடுவீங்களா?"

திரும்பும்போது சிஸ்டரின் கண் வரப்போரம் போனது. கடைசி மூலையில் கரும்பு முழங்கை உயரத்திலேயே மஞ்சளாகப் பழுத்து நின்றது. மண்ணைக் காய்ந்த கரும்புச் சோகை போட்டு மூடியிருந்தார்கள். குடை நுனியால் சோகையைத் தூக்கினார். அடியில் வெள்ளை.

"இது என்ன தொட்டையா?"

"ராகி மாவு, தாயி. சிந்திடுச்சு."

"ராகி மாவு எந்த ஊர்ல வெள்ளையா இருக்கு?"

தொட்டையன் அந்தக் கேள்வியை மாடு மேய்ப்பவனிடம் திருப்பிவிட்டு, அவனைத் திட்டிக்கொண்டே போய்விட்டார்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. நிலத்துக்கு வந்திருந்த சிஸ்டரைத் தொட்டையன் தானாகவே தேடி வந்தார். முகத்தில் அவ்வளவு பணிவு.

"இன்னிக்கி மைசூர்லேர்ந்து ஒரு ரயில்வே கார்டு வர்றாரு, கீழ்ப்பாதியப் பாக்க. நீங்க ஒண்ணும் பேசவேணாம் தாயி. அவரு வாங்கிட்டுப் போகட்டும். அந்த வடிகால் சமாசாரம், நான் சொல்லி முடிச்சுத் தர்றேன். நான் என்ன கல்லா?"

மடை திறந்திருந்தது. கரும்பு வெட்டி முடிந்த கீழ்ப்பாதி கன்னங்கரேல் என்று மினுமினுத்தது.

லூர்துராஜ் மனைவியை ஒதுக்குப்புறமாக இழுத்தார். "மேரி, ஒரு அரைமணி நேரம் வாயை மூடிக்கிட்டு இரு. உன் வடிகால் வந்துரும். பங்குனியில குவார்ட்டர்ஸ் சாவியைக் குடுத்துட்டு எங்க போய் நிப்போம், யோசி."

வாயைத் திற என்று ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு, மூடு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். சொன்னதில் நியாயமும் இருந்தது.

கார்டு எட்வர்ட் வந்தார், கூடவே மனைவி ஜேன். எட்வர்ட் பிளாட்பாரத்தில் நடக்கிற நடையில் வரப்பில் நடந்தார். தினமும் கார்டு வண்டியிலிருந்து இந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டாராம். ஜேன் கீழ்ப்பாதிக் கிணற்றில் குனிந்து, கையால் தண்ணீரை அள்ளி, சின்னப் பிள்ளைபோல் சிரித்தாள். "இங்க சமையல்கட்டு, இங்க கோழிக்கூண்டு" என்று விரலால் காற்றில் வீடு கட்டினாள்.

"சிஸ்டர், நீங்க பக்கத்து நெலம். நெலம் எப்படி?" என்றார் எட்வர்ட்.

தொட்டையன் சிஸ்டரைப் பார்த்தார். லூர்துராஜ் செருப்பைப் பார்த்தார். சிஸ்டர், காற்றில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஜேனைப் பார்த்தார். பிறகு வார்டுக் குரல் தானாக வந்தது.

"இது வீங்கின நெலம் மிஸ்டர் எட்வர்ட். தண்ணியும் உப்பும் உள்ள கட்டிக் கெடக்கு. இந்தக் கறுப்பெல்லாம் நேத்து தொறந்த மடை. மாசியில வெளுத்துரும். அந்தச் சோகையைத் தூக்கிப் பாருங்க."

தொட்டையன் கண்ணை மூடிக்கொண்டார். எட்வர்ட் சோகையைத் தூக்கவில்லை. மெல்லச் சிரித்து, ஜேனைத் தள்ளிக் கூட்டிப்போய், ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்ட குரலில் சொன்னார்:

"பாத்தியா? பக்கத்து நெலத்துக்காரி கொறை சொன்னா அவளுக்கே அது வேணும்னு அர்த்தம். கம்பார்ட்மெண்ட்ல சீட்டு இல்ல, சீட்டு இல்லன்னு கத்தறவன் எத்தனை பேரைப் பாத்திருப்பேன், துண்டு போட்டு வச்சுக்கிட்டு."

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பேரம் முடிந்தது. தொட்டையன் சிஸ்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க பேசாம இருந்திருந்தா கூட அவரு இவ்வளவு சுருக்கா முடிச்சிருக்கமாட்டாரு தாயி."

"வடிகால்?"

"இனி அது அவரு ஹொலம். அவரைக் கேளுங்க."

கேட்டார். எட்வர்ட், "அன்னிக்கே எனக்குத் தெரியும் சிஸ்டர், இங்கதான் வந்து நிப்பீங்கன்னு" என்று மட்டும் சொன்னார்.

பங்குனியில் ஆஸ்பத்திரியில் சிஸ்டருக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்து, மிக்சர் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டார்கள். மண்ணை மேடாகக் கொட்டி, அதன்மேல் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு நிலத்துக்கே குடிவந்தார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் அஸ்திவாரக் குழி குளம்போல் கிடந்தது. அதில் தவளைகள் முதலில் குடிபுகுந்து வீட்டை அனுபவித்தன.

ஒரு வாரம் கழித்து எட்வர்ட் யூனிஃபார்மோடு வந்து நின்றார். கீழ்ப்பாதி முழுக்க வெளுத்திருந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் வந்து பாக்கணும்."

"எத்தனை நாளா இருக்கு?"

"மாசிக் கடைசியிலேர்ந்து."

"அப்பவே வந்து சொல்றதுக்கென்ன? குதிகாலால அழுத்துங்க. இன்னும் கொஞ்சம். ம்."

அழுத்தின குழியில் தண்ணீர் ஊறியதும் எட்வர்ட் வடிகாலுக்குச் சம்மதித்தார். வடிகாலை ஆற்றிலிருந்துதான் மேல்நோக்கி வெட்ட வேண்டும் என்றார் மாதப்பன். அதாவது எட்வர்ட் நிலம் முதலில், சிஸ்டர் நிலம் கடைசியில். சிஸ்டர் தகரக் கொட்டகையில் வியர்த்துக்கொண்டு, அடுத்தவர் நிலம் வடிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லைவரை மண்வெட்டி வந்த அன்று எட்வர்ட் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜேன் எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள்.

"ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் நீங்க" என்றார் எட்வர்ட்.

"சொன்னேனே."

"சொன்னீங்க. நம்பற மாதிரி சொல்லல."

சிஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்து, காப்பியைக் குடித்தார். மாதப்பன் எல்லையில் இருந்த கடைசிக் கட்டியை உடைத்தார். மேல்பாதியிலிருந்து கலங்கலாக, உப்பு நாற்றத்தோடு ஒரு நீர்க்கோடு இறங்கி ஆற்றுப் பக்கம் ஓடியது. மறுநாள் காலையில் மேஸ்திரி அஸ்திவாரக் குழிக்குள் இறங்கி நின்று பார்த்தார்.

"முழங்கால்ல இருந்து கணுக்காலுக்கு வந்துருச்சுங்க" என்றார். "செங்கல்லுக்குச் சொல்லி உட்ரட்டுங்களா?"