சரஸ்வதி அக்காவின் வலது தோள்

செவ்வாய்க்கிழமை காலை டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா குடியிருந்த குட்வில் எஸ்டேட்டிலிருந்து, பக்கத்து வீட்டு மல்லிகாவின் போன் வந்தது. "சிஸ்டர், அக்கா எழுந்திரிக்க மாட்டேங்குது. வாங்க." நான் போய்ச் சேர்ந்தபோது சரஸ்வதி அக்காவின் உடம்பில் சூடு இருந்தது. நாடி இல்லை.

மருத்துவமனையில் எங்களுடன் வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் எங்களை உயிர்த்தோழிகள் என்பீர்கள். உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இருவருக்குமே வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு, நாரை எலும்போடு சேர்த்துத் தைக்கும் டாக்டர் ஒருவர் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வந்திருந்தார். திரும்பிப் போவதற்குள் இன்னும் ஒருவருக்குத்தான் நேரம் இருந்தது. "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு அவசரம்?" என்று என்னிடம் கேட்டார். அக்கா அப்போது பிரசவ வார்டில் டியூட்டியில் இருந்தார்.

"அவங்க சமாளிச்சுக்குவாங்க சார். எனக்குத்தான் முடியல" என்றேன்.

முந்தின நாள்தான், தலைக்கு மேல் கை போகவில்லை என்று அக்கா என் எதிரில் உட்கார்ந்து அழுதிருந்தார்.

ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரம் என் கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அக்காதான் தினமும் வந்து இடது கையால் எனக்குத் தலை வாரிவிட்டார். "ஒனக்கு மொதல்ல சரியாகட்டும். அடுத்த தடவ எனக்கு" என்றார்.

டாக்டர் மறுபடி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அக்காவின் புது ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நார் உள்ள இழுத்துக்கிச்சு. தசையெல்லாம் கொழுப்பா மாறிடுச்சு. இனிமே தைச்சா நிக்காது" என்றார். பிறகு என்னைக் காட்டி, "நீங்க சமாளிச்சுக்குவீங்கன்னு இவங்க அப்ப சொன்னாங்களே?" என்றார்.

அக்கா ஸ்கேனை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "என்னையக் கேட்டிருந்தா நானே ஒனக்கு விட்டுக் குடுத்திருப்பேன்."

அதன்பின் அவரைச் சீட்டு பதியும் கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். புது நர்ஸ் யார் வந்தாலும் அக்கா என்னைக் கூப்பிடுவார். "ஏய், கைய மேல தூக்கு." பிறகு புது நர்ஸிடம் இந்தி கலந்து, "தேக்கோ, எவ்ளோ நல்லா தூக்குறா பாரு." நான் தூக்குவேன். நீங்கள் சிரிப்பீர்கள். பல வருடம் இது நடந்தது. ஒருநாள், "போதும்க்கா" என்றேன்.

"எனக்குப் போதல" என்றார்.

அக்கா போன அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மல்லிகாவும் நானும்தான் அக்காவைக் குளிப்பாட்டினோம். ரவிக்கை போட அந்தக் கையைத் தூக்கினேன். காது வரைக்கும் தடையில்லாமல் வந்தது. "மெதுவா சிஸ்டர், அக்காவுக்கு வலிக்கும்" என்றார் மல்லிகா.

மன்னிப்பை நான் கேட்டதில்லை. அவர் கொடுத்ததும் இல்லை. அவருடையதாக என்னிடம் இருப்பது இந்தக் கை மட்டும்தான். வலியில்லாமல் வேலை செய்கிறது.