வேன் ஆண்ட்டியின் பந்தய வேகம்

இருநூறு. இந்த எண்ணுக்காகத்தான் துளசியைக் குழுவில் சேர்த்தார்கள்.

பெரியவர்களுக்கான நீச்சல் போட்டிகளில் தொடர் நீச்சலுக்கு ஒரு விதி இருக்கிறது. நீந்தும் நால்வரின் வயதையும் கூட்டித்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். ஆண்டின் கடைசி நாளில் என்ன வயதோ அதுவே கணக்கு. இர்வானுக்கு நாற்பத்தொன்பது, நோர்மாவுக்கு நாற்பத்தேழு, சாஹித்துக்கு நாற்பத்தைந்து. நான்காவது ஆளுக்கு ஐம்பத்தொன்பது ஆகியிருந்தால் மொத்தம் சரியாக இருநூறு. இருநூறு வயதுப் பிரிவுக்கு மூன்று அணிகள் வந்தாலே அதிசயம், தப்பில்லாமல் நீந்தி முடித்தால் வெண்கலம் உண்டு. ஒரு வயது குறைந்தாலும் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே சிங்கப்பூர்க்காரர்கள் இருப்பார்கள்.

துளசிக்கு டிசம்பரில் ஐம்பத்தொன்பது முடிகிறது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருக்கும் அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். நாலு மணிக்கு எழுந்து, இருட்டோடு இருட்டாக முதல் பிள்ளையை ஏற்றி, ஏழரைக்குள் கடைசிப் பிள்ளையைப் பள்ளி வாசலில் விடுவார். மதியம் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. கணவர் பக்கிரிசாமி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவல். இவர் எழுந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவர் வந்து படுப்பார். அந்த வீட்டுக் கட்டில் சூடு ஆறியதே இல்லை.

நாற்பத்தாறு வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டபோது மருத்துவர் நீந்தச் சொன்னார். அதுவரை துளசி தண்ணீரில் இறங்கியதில்லை. பைராம் தோட்டத்தில் பிறந்தவருக்கு அங்கே கால்வாயைத் தாண்டத் தெரியும், நீந்தத் தெரியாது. இடுப்பு ஓராண்டில் சரியானது. நீச்சல் குளத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

"காசு வாங்காம ஒருத்தி இப்படிக் களைச்சு வர்றத நான் பார்த்ததில்ல," என்பார் பக்கிரிசாமி, கண்ணைத் திறக்காமலே.

இர்வான் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். நோர்மா மருத்துவமனைத் தாதி. அவளுடைய தம்பி சாஹித்துக்குச் சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை. துளசியோடு இவர்கள் வாரம் மூன்று நாள் காலை எட்டு மணிக்குக் குளத்தில் இறங்குவார்கள். பயிற்சி முழுவதும் பந்தய வேகத்தில்தான். ஒவ்வொருவரின் தொப்பிக்குள்ளும் இர்வான் நேரம் வைத்துக் கொடுத்த சின்னக் கருவி ஒன்று இருக்கும். அது பீப் அடிப்பதற்குள் இருபத்தைந்து மீட்டர் நீந்தி எதிர்ச் சுவரைத் தொட வேண்டும். சற்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி அதே வேகத்தில் திரும்ப வேண்டும். இப்படி இருபது சுற்று. ஒரு தடவை தவறினால் ஒரு சுற்று ஓய்வு. மறுபடி தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான், கரையேறிவிட வேண்டும். களைத்த பிறகு மெதுவாக நீந்தினால் உடம்பு அந்த மெதுவைத்தான் கற்றுக்கொள்ளும் என்பது இர்வானின் கட்சி.

சாஹித் பத்தைத் தாண்டுவதே அபூர்வம். நோர்மா அவனுக்குக் கொஞ்சம் மேல். தவறியவர்கள் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஒருவரையொருவர் கிண்டல் செய்வார்கள். கடைசியில் குளத்தில் துளசி மட்டும் இருப்பார். இருபதையும் முடித்துவிட்டுத்தான் ஏறுவார். மற்றவர்கள் கை தட்டுவார்கள்.

"பரவாயில்லக்கா, நல்லா பண்றீங்க," என்பார் இர்வான்.

அக்டோபரில் ஒரு நாள் வேனில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது. துளசி இருக்கையைக் கழுவிவிட்டு வர முக்கால் மணி நேரம் தாமதம். அதற்குள் நோர்மாவின் கருவியில் பேட்டரி தீர்ந்துபோக, அவள் துளசியின் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு நீந்தியிருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்தாள்.

"அக்கா, உங்க பீப் என்ன இவ்ளோ சோம்பேறி? நான் சுவரைத் தொட்டு, கண்ணாடியைக் கழட்டி, மூக்கைச் சிந்தின பிறகு அடிக்குதுலா."

துளசி சிரிக்கவில்லை. இர்வானைத் தேடிப் போனார்.

"தம்பி, என்னோடத எத்தனையில வச்சிருக்க?"

"ஏன்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இருபத்தஞ்சு செகண்ட்."

"நம்ம டீமுக்கு நான் எவ்ளோவுல வரணும்?"

இர்வான் ஈரத் துண்டை மடித்தார். "இருபத்திரண்டு. நீங்க நாலு மணிக்கு எழுந்து வர்றீங்க, டயர்டா இருப்பீங்கன்னுதான்..."

"டயர்டுன்னு நான் சொன்னேனா?"

சாஹித் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, நமக்கு உங்க வயசே போதும்லா. நீங்க மிதந்து வந்தாக்கூட வெண்கலம் வந்துரும்."

நோர்மா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"அப்ப வயசு போட்ட என் ஐ.சி. கார்ட மட்டும் கொண்டுபோய் தண்ணில விடு," என்றார் துளசி. "அது மிதக்கும். நான் எதுக்கு?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த இரண்டு பயிற்சிகளுக்கும் அவர் வரவில்லை. ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தி, பின் இருக்கையில் கால் மடக்கிப் படுத்தார். ஓராண்டாக இந்த நேரத்துத் தூக்கத்துக்குத்தான் உடம்பு ஏங்கியது. கிடைத்தபோது அது உதவவில்லை. எழுந்தால் தலை கனத்தது, மதியச் சுற்றில் கை ஸ்டியரிங்கை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது. இருபது சுற்று என்று தான் பெருமைப்பட்டதெல்லாம் என்ன என்று யோசித்துப் பார்த்தார். குளத்தில் அவரை ஒருவர்கூட நிறுத்தியதில்லை, திருத்தியதும் இல்லை. கை தட்டினார்கள், அவ்வளவுதான். பள்ளி ஆண்டு விழாவில் கடைசியாக ஓடி வரும் பிள்ளைக்கும் அப்படித்தான் தட்டுவார்கள்.

மூன்றாம் பயிற்சி நாளன்று இர்வான் மோட்டார் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு பொட்டலம் தே ஓ, குழாய் செருகிய பாலில்லாத் தேநீர். ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"சீனி இல்லாம. உங்களுக்கு அதானே."

துளசி வாங்கிக்கொண்டார். கதவைத் திறக்கவில்லை.

"நீங்க போயிட்டா டீமே இல்ல. பயந்துட்டேன்கா," என்றார் இர்வான். "இருபத்திரண்டு வச்சா நீங்க மூணு நாள்ல ஓடிருவீங்கன்னு நினைச்சேன். வேற யாரும் ஐம்பத்தொன்பதுல கிடைக்க மாட்டாங்க."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"ஏற்கெனவே கஷ்டப்படுறவங்கள நானும் போட்டுக் கசக்கணுமான்னும் இருந்துச்சு."

துளசி குழாயில் தே ஓவை உறிஞ்சி முடித்தார். "கஷ்டம்னா வேன் ஓட்டுறது. அது தலையில வந்து விழுந்தது. நீச்சல் நானா கேட்டு வாங்கினது. அதையும் நீ எனக்குப் பதிலா லேசாக்கிட்டா, அப்புறம் என்னோடதுன்னு என்ன இருக்கு?"

இர்வான் தலையைச் சொறிந்தார்.

"இருபத்திரண்டுல வை. தவறினா வெளிய போகச் சொல்லு. அவங்களுக்குச் சொல்ற மாதிரி. சரின்னா வர்றேன், இல்லன்னா ஐம்பத்தொன்பது வயசுக்காரியப் பேப்பர்ல விளம்பரம் போட்டுத் தேடு."

"சரிக்கா."

முதல் நாள் நான்கு முறை பீப்புக்கு முன்னால் சுவரைத் தொட்டார். ஐந்தாவது தவறியது. ஒரு சுற்று ஓய்வெடுத்துவிட்டுப் போனார், அதுவும் தவறியது. கை தோளிலிருந்து தொங்கியது.

"அக்கா, வெளிய."

"இன்னொண்ணு போறேனே."

"வெளிய வாங்கக்கா." இர்வானின் குரலில் பரவாயில்லை என்ற சொல் இல்லை. "தலையத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குறீங்க. இடுப்பு கீழ போகுது. புதன்கிழமை அதத்தான் பார்க்கப் போறோம்."

துளசி ஏணியைப் பிடித்து ஏறினார். விளிம்பில் சாஹித் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். நகர்ந்து இடம் விட்டான்.

"வாங்கக்கா, தோத்தாங்கோளி சங்கத்துக்கு. நான்தான் தலைவர்."

"எத்தனையில வந்த?"

"ஒன்பது."

"எனக்கு நாலு. அப்ப நான்தான்டா தலைவர்."

அவன் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை. மதியச் சுற்றில் ஒரு சிறுமி, "வேன் ஆண்ட்டி, ஏன் கண்ணைச் சுத்தி வட்டமா இருக்கு?" என்று கேட்டாள். நீச்சல் கண்ணாடி அழுந்திய தடம். அன்று இரவு சோறு போட்ட தட்டின் முன்னாலேயே தூங்கிப்போனார்.

அதன் பிறகு ஐந்து, ஆறு, ஒரு வாரம் மறுபடி நாலு. பள்ளித் தேர்வு வாரத்தில் வேன் சுற்றுகள் கூடிப்போய், குளத்துக்கு வந்தும் இரண்டிலேயே கரையேறினார். இர்வான் கடிகாரத்தைக் காட்டி, "இன்னைக்கு வீட்டுக்குப் போங்க," என்றார், கோபமில்லாமல். முன்பெல்லாம் இருபதையும் முடித்துவிட்டு மீதி நாளை இழுத்துக்கொண்டு திரிந்தவர், இப்போது பாதியில் நிறுத்தப்பட்டு நேரத்தோடு வேனுக்குப் போனார். களைப்பு குறைந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் சந்தைப் பின்பக்கத்தில் படுத்த அரை மணியில் நிஜமாகவே தூங்கினார்.

நவம்பர் கடைசியில் நேரம் பார்த்தார்கள். ஐம்பது மீட்டர், ஒரே மூச்சில். துளசி சுவரைத் தொட்டுவிட்டு அப்படியே தொங்கிக்கொண்டு இர்வானின் முகத்தைப் பார்த்தார்.

"நாற்பத்தஞ்சு," என்றார் இர்வான். "நமக்கு வேண்டியது நாற்பத்திநாலு. ஒண்ணு அதிகம்."

"தெரியும். திரும்புற இடத்துல கால் வழுக்கிருச்சு."

"வழுக்கல. கிட்டத்துல போய்த் திரும்புனீங்க."

"சரி. கிட்டத்துலதான்."

நோர்மா கரையிலிருந்து, "நாற்பத்தஞ்சுக்கு வெண்கலம் வருமா?" என்று கேட்டாள்.

"வரும். அந்தக் கணக்கெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு." இர்வான் விளிம்பில் குந்தினார். "அக்கா, ரிலேக்கு முன்னால பொம்பளைங்க தனி ஐம்பது மீட்டர் இருக்கு. உங்க பேரக் கொடுக்கட்டுமா? அதுல யாரோட வயசையும் யாரோடயும் கூட்ட மாட்டாங்க."

"கடைசியா வருவேன்."

"வரலாம்."

துளசி தொப்பியைக் கழற்றி அதிலிருந்த தண்ணீரைக் கொட்டினார். மதியச் சுற்றுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"கொடு," என்றார்.

போட்டி டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, கோலாலம்பூரில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வந்ததும் நால்வரும் சாஹித்தின் காரில் புறப்படுகிறார்கள். மெதுவானவர்களை ஓரத்தில் நிறுத்துவார்கள்; தனிப் போட்டியில் துளசிக்கு எட்டாவது லேன்.