சந்திரனில் குடியேறிய பங்காளிகள்

என் தம்பி குழந்தைவேலுவைப் பற்றிச் சொல்வதென்றால் பெருமையாகத்தான் தொடங்க வேண்டும். வில்லியனூரில் எங்கள் தெருவில் பிரெவே என்ற பிரெஞ்சுப் பரீட்சை தேறியவன் அவன் ஒருவன்தான். நான் நான்காம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனேன். அவன் மேரி என்ற நகரசபை ஆபீசில் பிறப்பு இறப்புப் பதியும் குமாஸ்தா ஆனான்.

அதோடு நின்றிருக்கலாம். பிள்ளைகளைப் பதிந்து பதிந்து, ஓர் ஊர் எப்படிப் பெருகுகிறது என்ற யோசனை அவனைப் பிடித்துக்கொண்டது. நம் ஊர் இல்லை, சந்திரனில் ஓர் ஊர்! வாசகசாலையில் படிக்க அவன் எழுதிய கதையில், எங்கள் தெரு ஜனங்கள் ஆகாயக் கப்பலேறிச் சந்திரனில் குடியேறுகிறார்கள். நூறு வருஷத்தில் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாமல் கதையை நகர்த்த மாட்டானாம்.

இந்தச் சந்திரனால் இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று. பெண்ணின் தகப்பன் மழையைப் பற்றிக் கேட்டால், "அங்க மழையே கெடையாது" என்பான். யார் பெண் கொடுப்பார்கள்?

மூன்றாவதாக, மடுகரை சாமிக்கண்ணு தன் மகள் சின்னபொண்ணுக்காக எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். இதுவும் போனால் சுற்றுவட்டாரத்தில் பெண் கிடைக்காது. சுவர்களுக்கு இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், கூடத்துச் சுவர் முழுக்கக் கரிக்கட்டி எழுத்து.

"டேய், இன்னாடா இது?"

"தாள் தீந்துபோச்சுண்ணே. சொவரு வெள்ளையா இருந்துது."

திட்டக்கூட நேரமில்லை. வாசலில் வண்டி வந்து நின்றது. சாமிக்கண்ணுவும் அவர் தங்கை சின்னப்பிள்ளையும் உள்ளே வந்தார்கள். என் மனைவி கொடுத்த மோரை அவர்கள் தொடவில்லை. சம்பந்தம் முடிவாகாமல் கை நனைப்பது வழக்கமில்லை. சாமிக்கண்ணுவின் கண் நேராகச் சுவருக்குப் போயிற்று.

"நெல்லுக் கணக்கா தம்பி?"

நான் ஆமாம் என்பதற்குள் இவன் முந்திக்கொண்டான். "ஜனக் கணக்குங்க. சந்திரன்ல இருபது வூடு, நூத்தியிருபது பேரு. இருபத்தஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ரெட்டிப்பு. நூறு வருசத்துல ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருபது. அங்க காலரா கெடையாது."

எனக்குச் சுவரிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. "யார் யாரு போறாங்க?"

"எங்க தெருவுல எல்லாரும்."

"எல்லாம் பங்காளி வூடாச்சேபா! யாருக்கு யாரு பொண்ணு குடுப்பான்?"

தம்பி சுவரைத் திரும்பிப் பார்த்தான். பங்காளிகளுக்குள் எல்லாரும் அண்ணன் தங்கை முறை. இருக்கிற பெண்களுக்குப் பிள்ளைப்பேறு நின்றதும் சந்திரன் காலி. ஆயிரத்துத் தொள்ளாயிரமும் அந்த இடத்திலேயே போயிற்று. அவன் முகத்தைப் பார்த்தால் வீட்டில் இழவு விழுந்தது போலிருந்தது.

"அப்ப மடுகரையிலேர்ந்து பத்து வூட்ட ஏத்திக்கட்டுங்களா?" என்றான் கரிக்கட்டியை எடுத்து.

"அண்ணே, கேட்டியா கதைய!" என்றாள் சின்னப்பிள்ளை. "நம்ம பொண்ண நெலாவுல குடி வெச்சுட்டா, தலைப்பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்கு யாரு இட்டாறது?"

தலை குனிந்தேன். மூன்றாவதும் போயிற்று.

தம்பியோ நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "மொதக் கப்பல்ல நானே கொண்டாந்து உட்டுர்றேன், மாமா."

மாமா! இவ்வளவு நேரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த சொல் அது. அதைச் சொன்னதே அவனுக்குத் தெரியவில்லை.

சாமிக்கண்ணு தங்கையைப் பார்த்தார். "மொறை சொல்லிட்டான் பாரு. தாய் வூட்டுக்கு அனுப்புறேன்னு அவனே ஒத்துக்கினான். கிறுக்குதான், ஆனா நல்ல கிறுக்கு." பிறகு என்னிடம், "பலராமா, எலையப் போடச் சொல்லு" என்றார்.

சுவரை மறுபடி வெள்ளையடிக்க அவன் விடவில்லை. மடுகரை வீடுகளைச் சேர்க்க வேண்டுமாம். அந்தக் கரிக்கு எதிரில்தான் கல்யாணம் நடந்தது.

அடுத்த வருஷம் சின்னபொண்ணு தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள். ஆண் குழந்தை. நான் சர்க்கரை வாங்கிக்கொண்டு ஓடி வந்தால், இவன் சுவருக்கு முன்னால் முகம் வாடி நிற்கிறான்.

"புள்ள மடுகரையில பொறந்துட்டான்ணே. அந்தப் பக்கத்து நெட்டப்பாக்கம் மேரியில பதிஞ்சுட்டாங்க. நம்ம ஊரு கணக்குல வரமாட்டான். அப்ப கீழ வந்து பெத்துக்கிற புள்ள சந்திரன் கணக்குல மட்டும் எப்படி வரும்?"

அவன் வாயில் சர்க்கரையைத் திணித்தேன். அப்போதுதான் நிறுத்தினான்.