வேங்கிக்காலில் கட்டிய கரி மூட்டை

போன மாசிக் கடைசியில், ஒரு வியாழன் காலை ஐந்தரைக்குச் சென்னையில் பஸ் ஏறி, பத்தரைக்குத் திருவண்ணாமலையில் இறங்கினேன். போனது கரி வாங்க.

எங்கள் ஆய்வகத்தில் கடல்நீர் பேட்டரி செய்கிறோம். அதன் ஒரு மின்முனை உப்புநீரில் நிற்கும் கரித்தகடு. அதில் துளைகள் மிகச் சிறிதாக இருந்தால் நீர் உள்ளே போகாது; பெரிதானால் வினை நடக்கும் பரப்பு குறைந்துவிடும். வேர்க்கடலை ஓட்டுக் கரியில் இரண்டும் ஓரளவு சரியாக அமைந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்காலுக்கு அப்பால் ஆறு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். சூளைக்காரர் ஏழுமலை அன்று காலைதான் கரியை வெளியே எடுத்திருந்தார்.

"இன்னிக்கு கட்டாதீங்க மேடம். ஒரு நாள் காத்தாட கெடக்கட்டும்."

தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது. மறுநாள் காலை ஆய்வகத்தில் எனக்கு உலை ஒதுக்கியிருந்தார்கள். விட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கட்டச் சொன்னேன்.

"இன்னாம்மா மூட்டை?" என்றார், பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸின் கண்டக்டர்.

"மல்லாட்டை ஓடுங்க," என்றேன், வேர்க்கடலைக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி.

கரி என்றால் ஏற்ற மாட்டார் என்று தெரியும். பின் சீட்டுக்கு அடியில் தள்ளினோம். மேலே சீட்டில் ஒரு பெண் தன் குழந்தையைப் படுக்க வைத்தாள்.

ஒன்றே முக்காலுக்குப் புறப்பட்டோம். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் என் கால் மூட்டையில் பட்டது. சுட்டது. குனிந்து கை வைத்தேன், வைத்திருக்க முடியவில்லை. எனக்கு விஷயம் தெரியும். புதுக்கரியின் துளைகள் காற்றை இழுக்கும்போது சூடு பிறக்கும். மூட்டையாகக் கட்டினால் அந்தச் சூடு வெளியேறாது. அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

இருந்தும் இரண்டு கிலோமீட்டர் வாய் திறக்கவில்லை. சொன்னால் எல்லோரும் வாசலுக்கு முண்டுவார்கள். என் பொய்யும் வெளிவரும். இதில் எந்தப் பயம் பெரிது என்று அப்போது தெரியவில்லை.

பிறகு புகை வாடை வந்தது.

"கொழந்தைய தூக்கிட்டு முன்னாடி போங்க," என்றேன்.

"தூங்குதுங்க."

"மூட்டை சூடாயிடுச்சுங்க."

அவள் குனிந்து தொட்டாள். குழந்தையை வாரிக்கொண்டு, "கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க," என்றாள்.

நானும் கண்டக்டரும் மூட்டையை இழுத்துச் சாலையோரம் தள்ளினோம். சாக்கு கிழிந்தது. நடுவில் சிவப்பாகக் கனன்ற கரி காற்று பட்டதும் பற்றிக்கொண்டது.

"ஓடுன்னு சொன்னியேம்மா."

"கரிங்க. பொய் சொல்லிட்டேன்."

அவர் நெருப்பைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். "உள்ள நாப்பத்தெட்டு பேரு இருக்காங்க," என்றார். விசில் ஊதினார். என்னை ஏற்றாமல் பஸ் போனது. நெருப்பு அணையும்வரை மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கரி வாங்கப் போகிறவர்களுக்கு: ஒரு முழு நாள் நிழலில் பரப்பி வையுங்கள். மேலே தொட்டுப் பார்த்து நம்பாதீர்கள். இரும்புக் கம்பியை நடுவில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். இது பிறகு ஏழுமலை காட்டிய வழி. இறுக மூடும் டிரம்மில், சரக்கு வண்டியில், இன்னதென்று சொல்லி அனுப்புங்கள். எனக்கு உலை மூன்று வாரம் தள்ளிப்போனது. அவ்வளவுதான் நஷ்டம். அந்த மூன்று வாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் நாற்பத்தெட்டு பேரை அந்தக் கரியோடு உட்கார வைத்தேன்.